ரூன்ஸ்கேப்பில் முதல் அடி வைப்பவர்களுக்கு, ஆவுடையார்கோவிலிலிருந்து

ஆன்லைன் ஃபேன்டசி விளையாட்டு என்று பேச்செடுத்தாலே ஊரில் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், ஃபைபர் லைன் வேண்டும், நமக்கெல்லாம் அது சரிப்படாது. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஆவுடையார்கோவில். மழைக்கு வானம் இருட்டினாலே சிக்னல் ஒற்றைக் கோடாகிவிடும் வீடு, சாதாரண ஆண்ட்ராய்டு போன். இதை வைத்துக்கொண்டுதான் நான் பல வருஷமாக ஒரு மாய உலகத்தில் மீன் பிடிக்கிறேன், இரும்பு உருக்குகிறேன், டிராகனோடு சண்டை போடுகிறேன். அந்த உலகத்தின் பெயர் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். இந்த வகை விளையாட்டுக்குள் முதன்முதலாக நுழைய நினைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் கை காட்டுவது இதைத்தான்.

இது பிறந்த கதை கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் வெறும் எழுத்தாலேயே ஓடும் ஒரு விளையாட்டை எழுதினார்கள். அதற்கு மட் என்று பெயர். படமே கிடையாது. ‘நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய்’ என்பது போலத் திரையில் வரி வரும், நாம் என்ன செய்யப்போகிறோம் என்று டைப் அடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் பலர் அந்த உலகத்துக்குள் இருக்கலாம் என்பதுதான் அதில் புதுமை. அந்த மரபைப் பின்பற்றி ஆண்ட்ரூ கோவர் என்ற இளைஞர் 1990களின் கடைசியில் டீவியஸ்மட் என்று ஒன்றை எழுதிப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரூன்ஸ்கேப். சகோதரர் பால் கோவரும் அவரும் சேர்ந்து 2001 ஜனவரியில் வெளியிட்டார்கள். பிரவுசரிலேயே ஓடியதால் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர், லைப்ரரி கம்ப்யூட்டர் என்று கிடைத்ததில் உட்கார்ந்து உலகம் பூராவும் பிள்ளைகள் விளையாடினார்கள்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. 2012 நவம்பரில், ரூன்ஸ்கேப்பை நடத்தும் ஜாகெக்ஸ் கம்பெனி சண்டை போடும் முறையைத் தலைகீழாக மாற்றியது. பழைய ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கம்பெனியிடம் 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த ஒரு பழைய பேக்கப் இருந்தது. ‘அதையே திரும்பத் திறந்துவிடட்டுமா?’ என்று 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். சுமார் நாலரை லட்சம் பேர் ஆமாம் என்றார்கள். அந்த மாதம் 22ஆம் தேதியே ஓல்டு ஸ்கூல் என்ற பெயரில் அது திறந்தது. அன்றிலிருந்து அந்த உலகத்தில் புதிதாக முக்கியமான எதைச் சேர்ப்பதானாலும் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடக்கிறது. இப்போதைய கணக்குப்படி 70 சதவீதம் பேர் ஆதரித்தால்தான் உள்ளே வரும். ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளர்களிடம் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2018 அக்டோபர் 30இல் இது போனுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் ஆடுவதும் போனில் ஆடுவதும் ஒரே அக்கவுண்ட், ஒரே உலகம். போனில் ஆடுகிறவருக்கென்று தனியாக ஒரு குட்டி வடிவம் கிடையாது.

நம் ஊருக்கு ஏன் இது சரிப்படும் என்கிறேன்? காரணம் 0.6 நொடி. இந்த விளையாட்டின் சர்வர் ஒவ்வொரு 0.6 நொடிக்கும் ஒரு முறைதான் எல்லோருடைய கட்டளையையும் கணக்கில் எடுக்கும். இதை டிக் என்பார்கள். நாதஸ்வரக் கச்சேரியில் தவிலுக்குக் கட்டுப்பட்டு எல்லாம் நடப்பது போல, அந்த உலகத்தில் வாள் வீசுவது, மரம் வெட்டுவது, ஓடுவது எல்லாமே அந்தத் தாளத்தில்தான் நடக்கும். சுடுகிற விளையாட்டுகளில் நூறு மில்லி நொடி தாமதமானால் செத்துப்போவோம். இங்கே நம் கட்டளை கால் நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பெரும்பாலும் அடுத்த டிக்குக்குள் சேர்ந்துவிடும். லண்டனில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஆவுடையார்கோவிலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஆரம்பக் கட்டத்தில் வித்தியாசமே தெரியாது. படங்களும் பழைய காலத்துப் படங்கள், அதனால் போன் சூடாகாது, டேட்டாவும் கொஞ்சம்தான் செலவாகும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சண்டைக்கு நடுவில் நெட் அறுந்தால் நம் உருவம் உடனே மறையாது, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். அதனால் திருப்பி அடிக்கும் செட்டிங்கை எப்போதும் ஆன் செய்தே வைத்திருங்கள்.

வேறு நல்ல விளையாட்டுகள் இல்லாமல் இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 14ஐ லெவல் 70 வரைக்கும் காசில்லாமல் ஆட விடுகிறார்கள், கதையும் அருமை. ஆனால் அதற்குக் கம்ப்யூட்டரோ கன்சோலோ வேண்டும். ஆல்பியன் ஆன்லைன் போனிலேயே ஓடும். ஆனால் அதில் கொஞ்ச தூரம் போனதும் தோற்றவனின் சாமான் எல்லாம் ஜெயித்தவனுக்கு என்றாகிவிடும். புதியவரை அது சீக்கிரம் சோர்வாக்கிவிடுகிறது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். என் அக்கா மகன் பிளஸ் டூ எழுதிவிட்டு லீவில் இங்கே வந்திருந்தான். அவன் போனில் இதை இறக்கிக் கொடுத்தேன். பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

“என்ன மாமா, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு? மூஞ்சியே சரியாத் தெரியல.”

“மூஞ்சிய விடு மாப்ள. அந்தா நிக்கிறாரு பாரு, அவருகிட்டப் போயிப் பேசு.”

முதலில் நம்மை இறக்கிவிடுவது டுட்டோரியல் ஐலண்ட் என்ற சின்னத் தீவு. அங்கே வரிசையாக ஆசிரியர்கள் நிற்பார்கள். ஒருவர் மரம் வெட்டவும் தீ மூட்டவும் சின்ன வலையில் இறால் பிடிக்கவும் சொல்லித் தருவார். சமையல்காரர் ஒருவர் மாவும் தண்ணீரும் பிசைந்து ரொட்டி சுடச் சொல்வார். சுரங்கத்தில் ஒருவர் செம்பும் வெள்ளீயமும் வெட்டி எடுத்து உருக்கி வெண்கலமாக்கி, அதில் ஒரு குறுவாள் அடிக்கக் கற்றுத் தருவார். அதன் பிறகு எலியோடு சண்டை, பேங்க், கடைசியில் ஒரு கோழியின் மேல் மந்திரம். எல்லாம் முடிந்ததும் லம்பிரிட்ஜ் என்ற ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தீவுக்குத் திரும்ப வழி கிடையாது. அதனால் அங்கே அவசரப்படாதீர்கள். திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டே அடுத்ததைத் தட்டுங்கள். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது என்று எத்தனையோ பேர் முதன்முதலாக அறிந்துகொண்டது இந்தத் தீவில்தான்.

லம்பிரிட்ஜில் இறங்கியதும் புதியவருக்கு ஒரு திகைப்பு வரும். அம்புக்குறி கிடையாது, ‘அடுத்து இதைச் செய்’ என்று மிரட்டுகிற எதுவும் கிடையாது. பக்கத்தில் ஒரு கோட்டை, ஓர் ஆறு, அக்கரையில் கோப்ளின்கள், அவ்வளவுதான். மற்ற போன் விளையாட்டுகளில் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நீங்கள் வைக்காதீர்கள். நேராகக் கோட்டைக்குள் போய் அடுக்களையில் நிற்கும் சமையல்காரரிடம் பேசுங்கள். டியூக்குக்குப் பிறந்தநாள், கேக் செய்ய வேண்டும், முட்டையும் பாலும் மாவும் வாங்க மறந்துவிட்டேன் என்று அவர் பதறுவார். மூன்றையும் கொண்டுவந்து தருவதுதான் உங்கள் முதல் குவெஸ்ட்.

என் அக்கா மகன் உடனே யூடியூபைத் திறக்கப் போனான். நான் தடுத்துவிட்டேன்.

“முட்டை எங்க மாமா கெடைக்கும்?”

“நம்ம ஊருல எங்க கெடைக்கும்?”

“கோழி இருக்கற எடத்துல.”

“அப்ப கோழியத் தேடு.”

ஆற்றைக் கடந்து வடக்கே போனால் கோழிப் பண்ணை இருக்கிறது, முட்டை தரையில் கிடக்கும். பாலுக்குக் காலி வாளி வேண்டும். வாளியோடு போய்க் கறவை மாட்டைத் தொட்டால் பால். அவனை ஆட்டி வைத்தது மாவுதான். லம்பிரிட்ஜுக்கு வடக்கில் காற்றாலை ஒன்று இருக்கிறது, பக்கத்திலேயே கோதுமை வயல். வயலில் கதிர் பறித்து, ஏணி ஏறி உச்சி மாடிக்குப் போக வேண்டும். அங்கே தானியம் கொட்டும் வாய் இருக்கும். கோதுமையை அதில் போட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும். மாவு தரைத்தளத்தில் போய் விழும். கீழே இறங்கி, காலிச் சட்டியில் அள்ளிக்கொள்ள வேண்டும். அவன் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் ஏறி இறங்கினான். வாயில் போட்டுவிட்டு நெம்புகோலை இழுக்காமல் கீழே ஓடி வந்து தொட்டியைப் பார்த்தான். பிறகு இழுத்துவிட்டு வந்தான், அள்ளச் சட்டி இல்லை. சட்டி கோட்டை அடுக்களை மேசையிலேயே கிடந்தது. திரும்ப நடந்தான். நான் வாயே திறக்கவில்லை.

கடைசியில் சமையல்காரர் கையில் மூன்றையும் கொடுத்தபோது வாத்தியம் முழங்கி ஒரு சுருள் விரிந்தது. ஒரு குவெஸ்ட் பாயிண்ட், சமையலில் 300 எக்ஸ்பீரியன்ஸ். அவன் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். யூடியூப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், அந்தச் சிரிப்பு வந்திருக்காது. அந்த அலைச்சலில் அவன் மேப் பார்க்கக் கற்றுக்கொண்டான், ஒரு சாமானை இன்னொன்றின் மேல் பயன்படுத்தக் கற்றுக்கொண்டான், தோள்பையில் 28 இடம்தான் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டான். என்னுடைய ஒரே பிடிவாதம் இதுதான்: முதல் சில குவெஸ்ட்களுக்கு யாருடைய வழிகாட்டி வீடியோவையும் பார்க்காதீர்கள். இந்த விளையாட்டில் முதன்முறை வழி தேடி அலைவதுதான் பெரிய சுகம். அது ஒரு தடவைதான் கிடைக்கும். பின்னால் கஷ்டமான குவெஸ்ட்கள் வரும்போது, ஆட்டக்காரர்களே எழுதிப் பராமரிக்கும் விக்கி இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக, நுணுக்கமாக எழுதப்பட்ட விளையாட்டு விக்கியை நான் வேறு பார்த்ததில்லை. அதைத் திறக்கும் நாள் தானாக வரும்.

இங்கிலீஷ் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டு தமிழில் இல்லை. குரலும் கிடையாது, எல்லாம் படிக்கத்தான். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம். வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும், நாம் தட்டினால்தான் அடுத்த வரி வரும், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அந்த ஊரில் ஒவ்வொருவரும் ஒரு குணத்தோடு பேசுவார்கள். சர்ச்சில் ஒரு பாதிரியார் கல்லறைப் பேயைப் பற்றி முறையிடுவார். ஒரு விவசாயி 20 உருண்டைக் கம்பளி நூல் கேட்பார், ஆட்டைப் பிடித்து மயிர் கத்தரித்து, அதை நூற்று, உருண்டையாக்கித் தர வேண்டும். இவற்றைப் படித்துப் புரிந்தால்தான் வேலை நடக்கும். வேலை நடக்க வேண்டும் என்ற ஆசையில் படிக்கிற இங்கிலீஷ் மண்டையில் நிற்கும். என் அக்கா மகனிடம் நான் கண்ணால் கண்டது இது.

அடுத்து லெவல் கணக்கு. புதியவர்கள் எல்லோரும் இதில்தான் மனசைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு திறமைக்கும் உச்சம் லெவல் 99. லெவல் 2க்கு 83 எக்ஸ்பீரியன்ஸ் போதும், சில நிமிடத்தில் வந்துவிடும். 99க்கு வேண்டியதோ 1,30,34,431. இதில் பாதித் தூரம் எந்த லெவல் என்று நினைக்கிறீர்கள்? 92. லெவல் 92ஐத் தொட்டவர் இன்னும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார். அப்படியென்றால் 99ஐக் கண்ணில் வைத்துக்கொண்டு தொடங்குவதில் அர்த்தமே இல்லை. ஆரம்பத்தில் 20, 30, 40 என்ற படிகள்தான் உங்களுக்கு முக்கியம். ஆயுதத்தில் ஸ்டீல் 5, மித்ரில் 20, அடமன்ட் 30, ரூன் 40. ஒவ்வொரு படியிலும் கையில் இருக்கும் வாளின் நிறம் மாறும், அடி கூடும், அது கண்ணுக்குத் தெரியும். கோப்ளினில் தொடங்கி, பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போங்கள். மாட்டுத்தோலைச் சேர்த்து விற்றால் புதியவருக்குக் கைச்செலவுக்கு ஆகும். வாராக் நகரத்தில் இருக்கும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்தான் பெரிய சந்தை, யாரோ கேட்ட விலைக்கு யாரோ விற்பார்கள். புது அக்கவுண்டுக்குக் கொஞ்ச காலம் சில சாமான்களை விற்க முடியாது, பயந்துவிடாதீர்கள். அது திருட்டு அக்கவுண்டுகளைத் தடுக்க வைத்த வேலி.

எனக்குப் பிடித்தது மீன் பிடிப்பதுதான். இங்கிருந்து மீமிசல் கடல் பக்கம் என்பதாலோ என்னவோ, சண்டையைவிட எனக்கு அதில்தான் மனசு ஒட்டுகிறது. லெவல் 1இல் இறால். 20க்குப் போனதும் பார்பேரியன் வில்லேஜ் ஆற்றங்கரையில் தூண்டிலும் இறகும் வைத்து டிரவுட், 30இல் சால்மன். அங்கே எப்போதும் நாலு பேர் நின்று பிடித்துக்கொண்டிருப்பார்கள், பிடித்ததைக் கரையிலேயே தீ மூட்டிச் சுடுவார்கள். எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாமல் பேச்சு ஓடும். 40ஐத் தொட்டதும் போர்ட் சரிம் துறைமுகத்தில் 30 காசு கொடுத்துக் கப்பலேறி, கரம்ஜா தீவுக்குப் போய்க் கூண்டு இறக்கிச் சிங்கி இறால் பிடிக்கலாம். சமையலும் 40 இருந்தால் சுடலாம், ஒன்று தின்றால் 12 உயிர்ப்புள்ளி ஏறும். சண்டைக்குப் போகிறவர் வாள் வாங்குவதற்கு முன்னால் இந்தச் சாப்பாட்டைச் சேர்க்க வேண்டும். தன் கையால் பிடித்து, தன் கையால் சுட்ட மீனோடு போகிறவர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

இப்போது ஏமாற்று வேலை. இதை அழுத்திச் சொல்கிறேன், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் என் அக்கா மகனிடம் ஒருவன் வந்து, ‘காசு கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்றான். ஆயிரம் கொடுத்தால் உண்மையிலேயே இரண்டாயிரம் திரும்ப வரும். ஐயாயிரத்துக்குப் பத்தாயிரமும் வரும். நம்பி எல்லாவற்றையும் கொடுக்கிற அன்று ஆள் மாயம். பையன் முதல் தடவை இரட்டிப்பாக வாங்கிவிட்டு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். “அத்தோட நிறுத்து மாப்ள” என்று சொல்லிக் கையைப் பிடித்தேன். இன்னும் சில வகைகள் இருக்கின்றன. உன் கவசத்துக்குத் தங்க ஓரம் வைத்துத் தருகிறேன் என்பார்கள், ஆனால் அப்படி ஒரு வேலையே அந்த உலகத்தில் கிடையாது. பாஸ்வேர்டை டைப் அடித்துப் பார், நட்சத்திரமாக மறையும் என்பார்கள். அடித்தீர்களானால் அக்கவுண்ட் போச்சு. ஜாகெக்ஸ் ஊழியர் என்று சொல்லி ஆட்டத்துக்குள் பாஸ்வேர்ட் கேட்கும் யாரும் ஊழியர் இல்லை.

இன்னொன்று வில்டர்னஸ். வாராக்குக்கும் எட்ஜ்வில்லுக்கும் வடக்கே ஒரு நீண்ட வாய்க்கால் மாதிரிப் பள்ளம் ஓடும். அதைத் தாண்டினால் மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைத் தாக்கலாம், கொல்லலாம். அங்கே செத்தால் மிக விலை உயர்ந்த மூன்று சாமான் மட்டும் உங்களுக்கு மிஞ்சும், மற்றதெல்லாம் கொன்றவனுக்கு. மற்ற இடங்களில் செத்தால் சாமான் உங்கள் கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். ‘என்னோடு வா, அள்ளிக் கொடுக்கிறேன்’ என்று யாராவது வடக்கே கூப்பிட்டால் போகாதீர்கள். அக்கவுண்ட் தொடங்கிய அன்றே ஆத்தன்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள், பேங்க் ஊழியரிடம் பேசி நாலு இலக்கப் பின்னும் வைத்துவிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் வருஷக்கணக்கான உழைப்பைக் காப்பாற்றும்.

பணம் விஷயத்தில் பெற்றோர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. என் அக்காவே முதலில் கேட்டது, “தம்பி, இது ரம்மி மாதிரியா?” என்றுதான். அந்தப் பயம் நியாயமானது. ஆன்லைன் சூதாட்டத்தால் தமிழ்நாட்டில் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. அதற்காகத்தான் சட்டசபை 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. ரூன்ஸ்கேப்பில் காசு கட்டிக் காசு ஜெயிப்பது என்பதே கிடையாது. இலவசமாகவே 15 திறமைகளையும் பல குவெஸ்ட்களையும் ஆடலாம், பெரிய நகரங்களைச் சுற்றலாம். சந்தா கட்டினால் வரைபடம் பல மடங்கு விரியும், இன்னும் பல திறமைகளும் குவெஸ்ட்களும் திறக்கும். ஆட்டத்துக்குள் சம்பாதித்த தங்கத்தைக் கொடுத்து பாண்ட் என்ற சாமானை வாங்கினால் 14 நாள் சந்தா கிடைக்கும், கையிலிருந்து ரூபாயே போகாது. வயது 13 ஆகியிருக்க வேண்டும் என்பது விதி, அதை மதியுங்கள்.

ஆனால் விளையாட்டுக்கு வெளியே தங்கத்தை ரூபாய்க்கு வாங்குவதும் விற்பதும் விதிக்குப் புறம்பு, அக்கவுண்டை முடக்கிவிடுவார்கள். வெனிசுலாவில் 2010களின் பிற்பகுதியில் பொருளாதாரம் சரிந்து, சம்பளம் சோற்றுக்குப் பத்தாமல் போனபோது, அங்கே பலர் இந்த விளையாட்டில் பச்சை டிராகன்களைக் கொன்று, சேர்த்த தங்கத்தை வெளியே டாலருக்கு விற்று வயிற்றைக் கழுவினார்கள். கோபத்தில் அவர்களைத் தேடிப் போய்க் கொன்ற ஆட்டக்காரர்களும் உண்டு. நான் அதைப் படித்த நாளிலிருந்து, வில்டர்னஸில் ஒரே இடத்தில் நின்று டிராகன் அடிக்கும் யாரைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருவதில்லை. அவர்களுடைய நிலைமை அது. நாம் அந்த நிலைமையில் இல்லை, அதனால் நமக்கு அந்த வியாபாரம் வேண்டாம்.

ஊரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்கிறேன், மனசில் இருப்பது. திருப்பெருந்துறை என்றும் பெயருள்ள எங்கள் ஆவுடையார்கோவிலுக்கு மாய உலகம் புதிதல்ல. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் இங்கே கோயில் கட்டினார், சிவன் குதிரைச் சேவகனாக வந்து நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிப் போனார், இரவில் அவை மறுபடி நரிகளாயின என்ற கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டும்தான். வாசலில் நந்தி இல்லை. நிவேதனம் சுடச்சுடப் புழுங்கலரிசிச் சோறு. மரச்சட்டமும் ஆணியும் போலக் கல்லில் இழைத்த கொடுங்கையின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் ஒரு கற்பனை உலகம் உள்ளே முளைத்துவிடும். இதையெல்லாம் வைத்துத் தமிழில் ஓர் ஆன்லைன் உலகம் ஏன் இன்னும் வரவில்லை? புனேயிலிருந்து 2020இல் ராஜி என்ற விளையாட்டு வந்தது. டொரண்டோவில் 2023இல் உருவான வெண்பா, தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லியே பாஃப்டா விருது வாங்கியது. எசெக்ஸ் மாணவர்கள் எழுதியதிலிருந்து கிளைத்த மரபில் கோவர் சகோதரர்கள் ஒன்று செய்தார்கள் என்றால், அறந்தாங்கி காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகளும் செய்யலாம். அப்படிச் செய்யப்போகிறவர் முதலில் நன்றாகக் கட்டப்பட்ட ஓர் உலகத்துக்குள் நடந்து பார்த்திருக்க வேண்டும். ரூன்ஸ்கேப்பை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. இது மெதுவான விளையாட்டு, முடிவே இல்லாத விளையாட்டு. அதனால் படிப்பும் வேலையும் தூக்கமும் முடிந்த பிறகுதான் இதைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் தொடுவதில்லை என்று பையனும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். அது நன்றாகவே நடந்தது.

தொடங்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தா பற்றி இப்போது யோசிக்காதீர்கள். சின்னச் சின்ன குவெஸ்ட்களை முடித்து 32 குவெஸ்ட் பாயிண்ட் சேருங்கள். அப்போது டிராகன் ஸ்லேயர் என்ற குவெஸ்ட் திறக்கும். அதற்கு நெருப்பைத் தடுக்கும் கேடயம் வேண்டும், லம்பிரிட்ஜ் டியூக்கிடம் கேட்டால் காசில்லாமலே தருவார். தோள்பை நிறைய நீங்களே சுட்ட மீனை எடுத்துக்கொண்டு கிராண்டார் தீவுக்குக் கப்பலேறி எல்வார்க் என்ற அந்தப் பச்சை டிராகனைக் கொல்லுங்கள். அதற்குப் பிறகும் இந்த உலகம் உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் சந்தா கட்டுங்கள்.